மூன்றாம் பத்தியில் ஒரு சொல்

மாலை நேரத் தட்டச்சு வகுப்பில் அக்காவின் மனுவை நான்தான் அடித்தேன். அவளுக்கு இருபத்தாறாவது வாரம். குழந்தைக்கு மூளை வளரவில்லை, பிறந்தாலும் சில மணி நேரம்தான் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. கலைப்பதற்கு மருத்துவக் குழு அனுமதி தர வேண்டும். 'குழந்தை' என்று நான் அடித்திருந்த இடங்களிலெல்லாம் 'கரு' என்று மாற்றச் சொன்னார் வக்கீல். மறுபடியும் அடித்து, இருமுறை சரிபார்த்தேன். எது சரியான சொல் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் அக்கா தாளை வயிற்றின் மேல் வைத்துப் படித்தாள். தாள் ஒருமுறை லேசாக எழும்பி அடங்கியது. மூன்றாம் பத்தியில் அவள் விரல் நின்றுவிட்டது. அங்கே ஒரு 'குழந்தை' மாறாமல் இருந்தது. தெரியாமல் விட்டேனா, தெரிந்தே விட்டேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

"ஸாரிக்கா. ஒயிட்னர் போட்டுடறேன்."

"அஞ்சு மாசமா கிளாஸ் போன லட்சணமாடி இது?" என்று சிரிக்கப் பார்த்தாள்.

நான் பாட்டிலைத் திறந்தேன்.

"வேணாம். ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்."

பேனாவை வாங்கிக்கொண்டாள். இடது உள்ளங்கையால் அந்தச் சொல்லை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.