பாறை வழியே

தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைப் பிடிக்கக் கருவி வைத்திருந்த விஞ்ஞானி ரகுபதியைத் தேடி, ஒரு பிற்பகல் லில்லிபுஷ்பம் தரைமேல் இருந்த அவர் அலுவலகத்துக்கு வந்தாள். அந்தக் கருவியின் இரும்புத் தகடுகளைத் தோளில் சுமந்து கொண்டுபோய் வைத்தவன் அவள் கணவன் தைரியநாதன்தான். மூன்று மாதத்துக்கு முன்பு, பக்கத்துச் சுரங்கப்பாதையில் பாறை வெடித்து அவன்மேல் சரிந்தது. உடலை எடுக்க வழியில்லாமல், அந்தப் பாதையையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள்.

"பூமிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஏதோ துகள் பாறைக்குள்ள பூந்து மேல வருதுன்னு அவரு சொல்வாரு. நெசமா சார்?"

"நெசந்தாம்மா."

"அப்போ அவரு கெடக்கிற எடத்துலயும் பூந்துதான வரும்?"

"வரும்."

"அவரத் தொட்டுட்டு வருமா?"

எதையும் தொடாமல் போவதுதான் அதன் இயல்பு. கோடிகோடியாய்ப் போகிறவற்றில் ஒன்றாவது எதிலாவது மோதாதா என்றுதான் ரகுபதி வருடக்கணக்காகக் காத்திருந்தார்.

"தொட்டுட்டுத்தாம்மா வரும்" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு வெளியே போனாள். வாசலில் கிடந்த செருப்பைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டாள். சுடுகிற மண்ணில் வெறுங்காலை ஊன்றி வெகுநேரம் நின்றாள்.