ஹக் அனா

பெல்ட்டின் இரும்புக் கொக்கி பட்டு உடையப்பனின் புருவம் கிழிந்தது. அப்போதும் அவன் அதையேதான் சொன்னான்.

"ஹக் அனா."

எனக்குச் சொந்தம் என்று அர்த்தம். அபுதாபிப் பக்கம் ருவைஸுக்கு வேலைக்கு வந்து நாங்கள் கற்றுக்கொண்ட அரைகுறை அரபி.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம். கம்பெனி எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பூட்டிவைத்திருக்கும் ஆபீஸ் அலமாரியை உடைத்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அவனும் நாங்களும் தங்கியிருந்த ரூமுக்குள் புகுந்தவன் வெறுங்கையோடு வெளியே வந்தபோது வாட்ச்மேன் பிடித்துவிட்டான். உடையப்பனின் பெட்டியை உடைத்து, படுக்கையைக் கிழித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

லேபர் கேம்ப்பை மேய்க்கும் கேம்ப் பாஸ் எங்கள் ரூம்காரர்கள் எட்டுப் பேரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார். ஒளித்த இடத்தை அவன் சொல்லும்வரை ஆளுக்கொரு அடி. அடிக்காதவனுக்கு இந்த வருஷம் லீவு கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழக்கரையில் என் மனைவி ஹபீபுன்னிசா பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். மூன்று முறை லீவு கேட்டேன், மூன்று முறையும் இல்லை என்றார்கள். நானே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். இவனுக்கு ஊரில் நாதியே கிடையாது. எங்கே போவதற்குத் திருடினான்? இனி எனக்கு எவன் லீவு கொடுப்பான்?

ஒருவன் வயிற்றில் உதைத்தான். அடுத்தவன் பைப்பால் முழங்காலில் போட்டான். பல் ஒன்று மணலில் விழுந்தது.

உடையப்பன் ரத்த வாயோடு சிரித்தான்.

போன வாரம்தான் அவனுக்கு மன்சூர் ஹல்லாஜின் கதையைச் சொல்லியிருந்தேன். 'அனல் ஹக்', நானே உண்மை என்று சொன்னதற்காக அந்த சூஃபியைக் கை கால் வெட்டிக் கொன்றார்கள். ஊரே கல்லெறிந்தபோது சிரித்துக்கொண்டிருந்தவர், சிநேகிதர் ஊருக்குப் பயந்து எறிந்த ஒரு பூ பட்டதும் அழுதுவிட்டாராம்.

உடையப்பன் தலையைச் சொறிந்தான். "என்ன பாய் இது, எனக்குச் சொந்தம்னுதானே சொன்னாரு? அதுக்கா வெட்டுனாங்க?"

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் முறை வந்தது. ஆத்திரத்தில் ஓங்கிய கை, அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் தளர்ந்துவிட்டது. கேம்ப் பாஸ் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று கன்னத்தில் லேசாகத் தட்டினேன். கொஞ்சமும் வலித்திருக்காது.

உடையப்பன் ஐயோ என்று அலறினான். அத்தனை அடிக்கும் அழாதவன், மணலில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

போலீஸ் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை அழுகை நிற்கவில்லை.

ரூமுக்குள் வந்து கட்டிலில் சாய்ந்தேன். தலையணையில் ஏதோ கெட்டியாக உறுத்தியது. உறைக்குள் கையை விட்டேன். பாஸ்போர்ட்.

பிரித்தேன். கடைசிப் பக்கத்தில், மனைவி பெயர் என்ற இடத்தில், ஹபீபுன்னிசா என்றிருந்தது.

அவனை அடித்த கையால்தான் அதைப் பிடித்திருந்தேன்.