வார்த்தை தீர்ந்த கோட்டை

மால்டா தீவின் பழைய கோட்டை நகரம் அமைதியை விரும்புவது. பார்க்க வருகிறவர்களின் கையில் வாசலிலேயே ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். ஆளுக்கு நூறு வார்த்தை. தீர்ந்தால் பட்டை சிவக்கும். அதற்கு மேலும் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சுதர்சன் உள்ளே நுழைந்ததுமே ஒரு தமிழரைப் பார்த்துவிட்டார்.

"நமக்கு எந்த ஊரு? திருநெல்வேலியா! திருநெல்வேலில எங்கன?"

சொந்தம் பிடிபடுவதற்குள் பட்டை சிவந்துவிட்டது.

அவர் மனைவி அபிநயா அந்தச் சிவப்புக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். மஞ்சள் கல் மதில்மேல் நின்று, தூரத்துக் கடலைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"ஏங்க, தூத்துக்குடில என்னைத் தலைமையாசிரியையாப் போட்டிருக்காங்க. போன தடவை நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்களே வேண்டாம்னுட்டீங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். நான் போகப்போறேன்."

சுதர்சன் வாயைத் திறந்தார், பட்டையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து அவள் பேச்சை முற்றுப்புள்ளி வரை அவர் கேட்டது இதுதான் முதல்முறை. கடல் அழகாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் பட்டையைக் கழற்றினார்கள். அவருடைய பிரசங்கத்தைக் கேட்கத் தயாராக அபிநயா பையை இறுக்கிக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துப் பக்கத்துல வீடு கிடைக்குமா?" என்று கேட்டார் சுதர்சன்.

கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.