துணைக்கு ஒரு ஸ்கேன்

பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகி, வீடு முழுக்கப் புகை.

"நான்தான் அடுப்பை அணைக்க மறந்துட்டேன்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

மனைவி ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

கொஞ்ச நாள் முன்புதான் பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்தார். இருட்டும்வரை குழந்தை கேட் அருகே நின்று அழுதிருக்கிறது. மகன் வாய்க்கு வந்தபடி திட்டினான். அவளும் சேர்ந்துகொண்டு நாலு வார்த்தை சொன்னாள். எல்லாவற்றுக்கும் "என் தப்புதான்" என்றார் மனுஷர்.

அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நாளைக்கு இவர் என் முகத்தையே மறந்துவிட்டால்?

தூக்கம் போயிற்று. அவர் வெளியே கிளம்பினால் திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். வீட்டுச் சாவியை ஒளித்து வைத்தாள். வைத்த இடம் தெரியாமல் வீட்டையே புரட்டிப் போட்டபோது, இவரை நினைத்துப் பயந்தே எனக்கும் புத்தி பேதலித்துவிடும் போல என்று நொந்துகொண்டாள்.

டாக்டரிடம் போகலாம் என்று கடைசியில் அவரே சொன்னார். வந்த இடத்தில் சின்னப் பிள்ளை மாதிரி அடம். ஸ்கேன் எடுக்கும் அந்தக் குழாய்க்குள் படுக்கப் பயமாக இருக்கிறதாம். நீ முதலில் படுத்துக் காட்டு, அப்புறம் நான் என்றார். கட்டியவரை விட்டுக்கொடுக்க முடியுமா? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு படுத்து எழுந்தாள்.

படங்களைப் பார்த்த டாக்டர் மெதுவாகத்தான் பேசினார். வயதானால் மூளைக்குள் ஒரு பகுதிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே உள்ள இணைப்புகள் தளர்வது எல்லோருக்கும் உண்டு, யோசிக்க நேரமாகும், பெயர் நாக்கு நுனியிலேயே நிற்கும் என்றார். இங்கே தளர்ச்சி அதைவிடக் கூடுதலாம். சீக்கிரமே வந்தது நல்லதாம்.

தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் இணைப்புக் கொடுத்தவள் அவள். லைன் அறுந்தால் காதில் விழும் மௌனம் எப்படியிருக்கும் என்று தெரியும்.

"டாக்டர், இவர் இன்னும் படுக்கவே இல்லையே. இது யார் படம்?"

டாக்டர் அவரைப் பார்த்தார்.

அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மறந்ததெல்லாம் நீதான்னு சொன்னா பயந்துடுவியேன்னுதான், என் பேர்ல போட்டுக்கிட்டேன்."