பதினேழால் வகுபடும்

“மன்னிப்புக் கடிதம் கொடுத்தாத்தான் ஹால் டிக்கெட். இல்லேன்னா பேரை எடுத்துடுவேன்.” டுடோரியல் முதல்வர் ஒரு படிவத்தை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். “வீட்லேருந்து ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அரைநாள் லீவு போட்டுவிட்டு வேலையிலிருந்து ஓடி வந்தவள் அதைத் தொடவில்லை. “அப்படி என்ன தப்பு நடந்துச்சு?”

கணக்கு வாத்தியார் பொரிந்து தள்ளினார். “நேத்து அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு, ‘சார், நீங்க போட்டது தப்பு’ன்னு சொல்றதா? இருபது வருஷ சர்வீஸ் எனக்கு.”

“உள்ளதைத்தானே சொன்னேன்” என்றாள் சுவரோரம் நின்ற மாணவி.

“நீ சும்மா இரு. நான் பேசிக்கறேன்” என்றாள் வந்தவள்.

விஷயம் இதுதான். 31, 331, 3331 என்று முன்னால் மூன்றை அடுக்கிக்கொண்டே போனால், எட்டு இலக்கம் வரை எல்லாமே பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மசியாதவை. அடுத்து வரும் 333333331-ம் அந்த ஜாதிதான் என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். மாணவி வீட்டில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்துவிட்டு, அது பதினேழால் வகுபடும் என்று வந்து சொல்லிவிட்டாள்.

“நீங்க வகுத்துப் பார்த்தீங்களா சார்?” என்று வாத்தியார் பக்கம் திரும்பினாள் வந்தவள்.

வாத்தியார் கால்குலேட்டரை இழுத்துத் தட்டினார். அதில் எட்டு இலக்கத்துக்கு மேல் இடமில்லை.

அவள் கைப்பையைத் துழாவி, பிரஷர் மாத்திரை வாங்கிய உறை ஒன்றை எடுத்தாள். அதன் பின்பக்கம் முழுக்க வகுத்தல் படிக்கட்டாக இறங்கியிருந்தது. “இதைப் பார்க்க வேண்டாம். நீங்களே என் கண் முன்னாடி போடுங்க.”

வாத்தியார் போட்டார். நாலாவது இடத்தில் பூஜ்யம் விழுந்தபோது லேசாகச் சிரித்தார். கடைசியில் ஐம்பத்தொன்று வந்து நின்றதும் சிரிப்பு வற்றிப்போனது. பதினேழு மூன்று ஐம்பத்தொன்று. ஈவு 19607843. மீதி ஒன்றுமில்லை.

முதல்வர் தொண்டையைச் செருமினார். “கணக்கு சரியாவே இருக்கட்டும். மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல? ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க.”

“போடறேன்.” படிவத்தில் ‘நடந்ததற்கு வருந்துகிறேன்’ என்றிருந்த வரியை அழுத்தி அடித்தாள். அதற்கு மேலே ‘மாணவி சொன்னதே சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். “ஹால் டிக்கெட் கைக்கு வராம ரெண்டு பேரும் இந்த ரூமை விட்டு நகர மாட்டோம்.”

முதல்வர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார். பிறகு இழுப்பறை திறந்தது. ஹால் டிக்கெட் வெளியே வந்தது.

முதல்வர் கடுப்போடு பேனாவை எடுத்தார். “உறவுமுறைங்கற இடத்தை நிரப்பாம விட்டிருக்கீங்க. மாணவிக்கு நீங்க என்ன வேணும்?”

“மூத்த மக சார். இவங்கதான் என்னைப் பெத்தவங்க.”