சொந்தத் தெருவில் ரெண்டு ஓட்டு

“ரெண்டே ரெண்டு!” ஓட்டுக் கணக்குத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போடி ஜீப்பு ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள் பொன்னுமணி. பிராந்திக் கடையெல்லாம் மூடணும்னு பார்லிமெண்டு எலெக்சனில் சுயேச்சையாக நின்றவளுக்கு, சொந்தத் தெரு பூத்தில் விழுந்தது அவ்வளவுதான்.

ஒன்று அவள் போட்டது. இன்னொன்று நாத்தனார் ஈஸ்வரியைத் தவிர வேறு யாராக இருக்கும்? கூடப்பிறந்த அண்ணனையே எதிர்த்துக்கிட்டுல்ல போட்டிருக்கா, பாவம்!

அந்த அண்ணன்தான் பொன்னுமணியின் புருஷன் சுருளிவேல். “பொண்டாட்டின்னு பாக்காதீங்கப்பா, ஒரு ஓட்டும் போட்ராதீங்க”ன்னு கடை வாசலில் நின்று கத்திய புண்ணியவான். ஓட்டுக்காகக் கடையடைத்த ரெண்டு நாளும் கைகால் உதறக் கிடந்தான், திறந்ததும் சேர்த்து வைத்துக் குடித்தான்.

ஓட்டு எண்ணுவதற்குள் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். பொன்னுமணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கட்டினவளையே ஊர் சிரிக்க வச்சானே பாவி என்ற ஆங்காரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

போடிமெட்டு ஜீப்பில், ஏலக்காய் எடுக்கப் போகும் பொம்பளைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள் ஈஸ்வரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் பொன்னுமணி.

“உங்கண்ணன் செஞ்ச பாவத்த நீயாச்சும் தீத்தியே, ஆத்தா! தெருவுல எனக்குன்னு ஒருத்தி இருந்தியே, அது போதும்.”

ஈஸ்வரிக்கு முகம் சுண்டிவிட்டது. ஜீப்பை விட்டு இறங்கினாள்.

“மன்னிச்சிருங்க மதினி. நான் உங்களுக்குப் போடல. கட்சிக்காரங்க வீடு தேடி வந்து, அவங்களுக்குத்தான் போடணும்னு சூடம் அணைச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க. மீறுனா புள்ளைக்கு ஆகாதுன்னு பயந்துட்டேன்.”

பொன்னுமணி இடுப்பிலிருந்த தாளை உருவினாள். “அப்ப, அந்த இன்னொரு ஓட்டு?”

டிரைவர் ஆரன் அடித்தான். “வெரசா ஏறுங்கக்கா, லேட்டாகுது!”

ஈஸ்வரி நகரவில்லை. “அண்ணனுக்குக் கை உதறுதுன்னு பூத்துல என்னையத் துணைக்கு விட்டாங்க. அது காட்டுன பட்டன நாந்தான் அமுக்குனேன். வெளிய சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க மதினி.”

“அதான் ஊரறிஞ்சதாச்சே. எவனுக்குப் போட்டா எனக்கென்ன?”

ஈஸ்வரி உடைந்து அழுதாள்.

“‘அவ கெலிச்சாத்தான் நான் பொழைப்பேன்’னு உங்களுக்குத்தான் மதினி போடச் சொல்லுச்சு.”