மாப்பிள்ளை ஏசி

சொல்லிவிடலாமா என்று அவள் வாயெடுத்தாள். சொல்லவில்லை.

அப்பா கட்டில் மேல் ஏறி நின்று, ரிமோட்டை ஏசிக்குப் பக்கத்தில் நீட்டி அமுக்கிக்கொண்டிருந்தார். ஏசி கம்மென்று கிடந்தது.

ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். ஊதினார். வாங்கிய நாளில் சுற்றிய பாலித்தீன் உறையை இன்றைக்குத்தான் உரித்தார். டிவி ரிமோட்டின் பேட்டரியைப் பிடுங்கி இதில் போட்டார். ஊஹும். இறங்கி வந்து சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். ஸ்டெபிலைசரின் முதுகில் நாலு சாத்து சாத்தினார். அதில் விளக்கே எரியவில்லை.

"மாப்பிள்ளை வர்ற நேரம் பார்த்து மக்கர் பண்ணுதே, சனியன்!"

கோவில்பட்டியில் அக்னி நட்சத்திரம். விசிறி அனலைத்தான் வாரி இறைத்தது. அவர் பனியன் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அந்த ஏசி இந்த வீட்டு மனுஷர்களுக்காக வாங்கியது இல்லை. மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை, இந்தப் புழுக்கத்தில் எவன் படுப்பான் என்று கோபித்துக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பாவுக்கு மானம் போயிற்று. மறுவாரமே ஏசி வந்தது. அதிலிருந்து அவன் வந்தால் ஓடும். அவன் போனால் வாய் மூடும். எந்தக் கோடையிலும் அப்பாவும் அம்மாவும் ஹாலில் பாய் விரித்து வேர்த்துக் கொட்டத்தான் படுத்தார்கள். நல்ல நியாயம்!

இந்த முறை அவள் தனியாக வந்திருந்தாள். அந்த அறையில்தான் படுத்தாள். ஏசி போடவா என்று யாரும் கேட்கவில்லை.

புருவத்துக்கு மேல் தையல் இன்னும் பிரிக்கவில்லை.

தன் வீட்டில் அவன் ஏசியைப் பதினாறில்தான் வைப்பான். அவளுக்கு எலும்பு வரைக்கும் குளிரும். கொஞ்சம் ஏத்தி வைங்களேன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் அவளே எடுத்து இருபத்து நாலில் வைத்தாள். அவன் ரிமோட்டைப் பிடுங்கினான். அந்த ரிமோட்டைக் கொண்டே அடித்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒன்று சொன்னார்.

"ஒரு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தா இந்த வம்பு உண்டாம்மா?"

பெற்றவர் பேசுகிற பேச்சா அது?

பேசியதோடு நிற்கவும் இல்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சியும் விட்டார். அம்மா விடிந்ததிலிருந்து அடுக்களையில் மல்லுக்கட்டுகிறாள். மகள் நெற்றியில் தையலோடு வந்து நின்ற அன்றைக்கு அந்த வீட்டில் வெறும் ரசம். இன்றைக்கு நாட்டுக்கோழி.

அந்தக் கோழியை வாங்க அப்பா கடைக்குப் போயிருந்தபோதுதான் அவள் முக்காலியைப் போட்டு ஏறினாள். ஹால் சுவரில் இருக்கிற மெயின் போர்டில், ஏசிக்கென்று தனியாக இருக்கும் சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

ஏசி ஓடாவிட்டால் அவன் தங்க மாட்டான். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான், பெரிய மானஸ்தன்! ஒரு நாளாவது தள்ளிப்போகும். சின்னப்பிள்ளைத்தனம்தான். வேறு எந்தக் கதவு திறந்திருந்தது அவளுக்கு?

அப்பா கடைசியில் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"சீசன் நேரம் அண்ணாச்சி, நாளைக்குத்தான் வர முடியும். மெயின் போர்டுல ஏசி சுவிட்ச் கீழ விழுந்து கெடக்கான்னு ஒருக்கா பாருங்க."

அப்பா ஹாலுக்கு ஓடினார். அவளும் பின்னால் போனாள்.

போர்டுக்குக் கீழே முக்காலி அப்படியே இருந்தது. எடுத்து வைக்க மறந்திருந்தாள்.

அப்பா முக்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏறி, சுவிட்சை மேலே தள்ளினார்.

அறையில் ஸ்டெபிலைசர் விளக்கு எரிந்தது. இருவரும் அங்கே திரும்ப, அப்பா ரிமோட்டை அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் ஏசி மெல்ல வாய் திறந்தது. முதல் குளிர்ந்த காற்று அவள் முகத்தில் பட்டது.

அப்பா உடனே அணைத்தார்.

"மாப்பிள்ளை வரட்டும்."

பிறகு பீரோவைத் திறந்தார். கல்யாணச் சீருக்கு எடுத்ததில் மிஞ்சிய கம்பளிப் போர்வை ஒன்று இருந்தது. அதை எடுத்து உதறி, ஒழுங்காக மடித்து, கட்டிலில் அவள் படுக்கிற பக்கத்தில் வைத்தார்.

அடிபட்டபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்பா கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். ஏசியைப் போட்டுப் பதினாறில் வைத்தாள்.

"கொஞ்ச நேரம் உக்காருங்கப்பா."

என்ன நினைத்தாரோ, மறுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். ரிமோட் அவள் கையில் இருந்தது.

முதலில் அவருக்குச் சுகமாகத்தான் இருந்தது. அப்பாடா என்று கண்ணை மூடினார்.

ஈரப் பனியன் சில்லிட்டது.

கைகளைக் கட்டிக்கொண்டார். கால்களைத் தூக்கிக் கட்டில் மேல் மடக்கிக்கொண்டார். உதடு லேசாக நடுங்கியது. ரிமோட்டைப் பார்த்தார். அவள் புருவத்தைப் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். கேட்க வாய் கூசியது போலும்.

ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தார்.

"கொஞ்சம் ஏத்தி வையேம்மா."

அவள் போர்வையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஏங்க, மாப்பிள்ளை வந்துட்டாக!"

அப்பா எழுந்திருக்கவில்லை. போர்வையைப் பிரிக்கவும் இல்லை.